பைட்டேஸ் போட்டும் எருவில் பாஸ்பரஸ் குறையவில்லை, ஏன்?

கேள்வி: 8,000 கறிக்கோழி வளர்க்கிறேன். தீவனத்தை நானே அரைத்து மேஷாக (குருணையாக்காத தூள் தீவனமாக) கொடுக்கிறேன். பண்ணைக்குக் கீழே உள்ள குட்டை பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. எருவிலிருந்து போகும் பாஸ்பரஸ்தான் காரணம் என்றார்கள். ஆறு மாதமாக டன்னுக்கு 100 கிராம் பைட்டேஸ் நொதி சேர்க்கிறேன். முன்பு எருச் சோதனையில் பாஸ்பரஸ் 1.3 சதவீதம் இருந்தது. இப்போது வேறொரு ஆய்வகத்தில் கொடுத்தால் 2.9 என்று வருகிறது. நான் வாங்கிய நொதி போலியா? அளவை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா? ஆறு கறவை மாடுகளும் இருக்கின்றன; அவற்றுக்கும் போடலாமா? தீவனக் கணக்கு, நொதி உறையின் படம், இரண்டு சோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த 2.9ஐப் பார்த்துவிடுவோம். இரண்டாவது அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பாஸ்பரஸ் பென்டாக்சைடாக’ என்று இருக்கிறது. உரச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் அப்படி எழுதுவது வழக்கம். தீவன ஆய்வகங்கள் வெறும் பாஸ்பரஸாக எழுதும். பென்டாக்சைடு எண்ணை 2.29ஆல் வகுத்தால் பாஸ்பரஸ் அளவு வந்துவிடும். 2.9ஐ வகுத்துப் பாருங்கள்: 1.27. ஆக, ஏறவில்லை. ஆனால் ஆறு மாதம் செலவு செய்தும் இறங்கவும் இல்லை. அதற்கான காரணம் உங்கள் தீவனக் கணக்கிலேயே இருக்கிறது.

டன்னுக்கு மக்காச்சோளம் 600 கிலோ, சோயா புண்ணாக்கு 300, அரிசித் தவிடு 40, பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட் (டிசிபி) 16, சுண்ணாம்புக்கல் தூள் 12. மீதி எண்ணெய், உப்பு, அமினோ அமிலம், பிரீமிக்ஸ் (வைட்டமின், தாது முன்கலவை). நொதி சேர்ப்பதற்கு முன்பும் டிசிபி 16 கிலோதான், சேர்த்த பிறகும் 16 கிலோதான். தவறு இங்கேதான். பாஸ்பரஸ் ஒரு தனிமம். எந்த நொதியும் அதை இல்லாமல் ஆக்காது. கோழி தின்றதில் உடம்பில் தங்கியது போக மிச்சம் முழுவதும் எருவில்தான் விழும். உள்ளே போகும் அளவு மாறாதவரை வெளியே வரும் அளவும் மாறாது. பைட்டேஸ் செய்வதெல்லாம், தானியத்தில் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவித்து டிசிபியைக் குறைக்க உங்களுக்கு இடம் கொடுப்பதுதான். அந்த இடத்தை நீங்கள் பயன்படுத்தவே இல்லை.

தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கும் பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. ஒரு சர்க்கரை வளையத்தில் ஆறு பாஸ்பேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அது. கோழிக்கும் பன்றிக்கும் அதை உடைக்கும் நொதி குடலில் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் பைட்டேட் பெரும்பாலும் அப்படியே வெளியேறுகிறது. எலும்பு வளர வேண்டுமே என்று நாம் மேலே டிசிபியைக் கொட்டுகிறோம். வெளியிலிருந்து பைட்டேஸ் கொடுத்தால் தீனிப்பையிலும் அரைவைப் பையிலும் அந்தப் பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று குடலில் உறிஞ்சப்படும். 1991இல் நெதர்லாந்தில் முதல் வணிகப் பைட்டேஸ் விற்பனைக்கு வந்தபோதே நோக்கம் எருவில் பாஸ்பரஸைக் குறைப்பதுதான். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவைப் பாசி பிடித்து ஆட்டியபோது மேரிலாந்து மாநிலம் 1998இல் கோழித் தீவனத்தில் இதைச் சேர்க்கச் சட்டமே போட்டது.

டிசிபியைக் குறைக்காமல் நொதியை மட்டும் போட்டால் இன்னொரு சங்கடமும் உண்டு. பைட்டேட்டிலிருந்து விடுபட்ட பாஸ்பேட்டை உடம்பு தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளாது; கழித்துவிடும். அது கரையாத பைட்டேட்டாக இல்லாமல், தண்ணீரில் கரையும் பாஸ்பேட்டாக வெளியேறும். எருவில் மொத்தப் பாஸ்பரஸ் பழைய அளவிலேயே இருக்க, மழையில் கரைந்து ஓடும் பங்கு கூடலாம். உங்கள் குட்டைக்கு இது நல்லதல்ல.

உங்கள் தீவனத்தையே கணக்குப் போடுவோம். மக்காச்சோளத்தில் மொத்தப் பாஸ்பரஸ் 0.27 சதவீதம், அதில் பைட்டேட்டாக இருப்பது 0.19. சோயா புண்ணாக்கில் 0.65, பைட்டேட்டாக 0.39. அரிசித் தவிட்டில் 1.5, பைட்டேட்டாக 1.2. டிசிபியில் 18. இவை பொதுவான சராசரிகள். உங்கள் சரக்கில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இந்த எண்களின்படி உங்கள் தீவனத்தில் மொத்தப் பாஸ்பரஸ் 0.70 சதவீதம். அதில் பைட்டேட்டில் இருப்பது 0.28, கோழிக்குக் கிடைப்பது 0.42. குரோயருக்கு (நடுக்கட்ட வளர்ச்சித் தீவனத்துக்கு) 0.42 சரியான அளவுதான். நீங்கள் நொதி போட்ட பிறகு அது 0.54 ஆகிவிட்டது. தேவைக்கு மேலே போன அந்த 0.12 அப்படியே எருவுக்குப் போகிறது.

இந்த 0.12 எங்கிருந்து வந்தது? உறையின் படத்தில் கிராமுக்கு 5,000 எஃப்டியூ என்று இருக்கிறது. எஃப்டியூ என்பது பைட்டேஸின் வேக அளவு: பிஎச் 5.5, 37 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதி ஒரு யூனிட். டன்னுக்கு 100 கிராம் என்றால் கிலோவுக்கு 500 எஃப்டியூ. அந்த அளவுக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் 0.12 சதவீதம், கால்சியமும் 0.12 சதவீதம் என்று உறையிலேயே போட்டிருக்கிறார்கள். இதை மேட்ரிக்ஸ் மதிப்பு என்பார்கள். ஒரு பிராண்டின் மதிப்பை எடுத்து இன்னொரு பிராண்டுக்குப் போடக் கூடாது. யூனிட்டை அளப்பது பிஎச் 5.5இல்; அரைவைப் பையின் பிஎச் அதைவிட வெகுவாகக் குறைவு. அந்த அமிலத்தில் சில பைட்டேஸ்கள் நன்றாக வேலை செய்யும், சில சுணங்கும். அதனால் ஒரே 500 யூனிட் எல்லா உறையிலும் ஒரே வேலையைச் செய்யாது.

இனி மாற்றம். 0.12 சதவீதம் என்பது டன்னுக்கு 1.2 கிலோ பாஸ்பரஸ். 18 சதவீத டிசிபியில் அது 6.7 கிலோ. ஆக டிசிபி 16லிருந்து 9.3 கிலோவுக்கு வரும். அந்த 6.7 கிலோ டிசிபியோடு கால்சியமும் போகிறது. 22 சதவீதம் என்று வைத்தால் 1.47 கிலோ. நொதியே 1.2 கிலோவுக்கு ஈடுகட்டும், மீதி 0.27 கிலோவுக்குச் சுண்ணாம்புக்கல் தூளை 0.7 கிலோ கூட்டினால் போதும். அதாவது 12.7 கிலோ. காலியாகும் இடத்தில் 6 கிலோ மக்காச்சோளம்.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டிசிபியைக் குறைத்த 6.7 கிலோவுக்கும் சுண்ணாம்பைப் போட்டு நிரப்பிவிடுவார்கள், மலிவு என்பதால். கால்சியம் ஏறினால் இரண்டு வகையில் கெடுதல். சுண்ணாம்பு அரைவைப் பையின் அமிலத்தைத் தணிக்கிறது, நொதிக்கு வேண்டிய சூழல் போய்விடுகிறது. அதோடு கால்சியம் பைட்டேட்டைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது, நொதியால் அதைத் தொட முடிவதில்லை. பிறகு கோழிகள் காலிழுத்து உட்காரும்போது பழி நொதியின் மேல் விழும். புதிய கணக்கில் உங்கள் தீவனத்தைச் சோதித்தால் கால்சியம் சுமார் 0.80, மொத்தப் பாஸ்பரஸ் சுமார் 0.58 வர வேண்டும், விகிதம் 1.4ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமிக்ஸ், நச்சு நீக்கி போன்றவற்றில் இடம் நிரப்பச் சுண்ணாம்புக்கல் தூளையே சேர்த்திருப்பார்கள். அதையும் கேட்டுக் கணக்கில் எடுங்கள். கணக்கில் வராத கால்சியம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரே நாளில் 9.3க்கு இறங்க வேண்டாம். அடுத்த பேட்சில் (அடுத்து விடும் கோழித் தொகுதியில்) குரோயர், பினிஷர் (கடைசிக் கட்டத் தீவனம்) இரண்டிலும் 13 கிலோவுக்கு வாருங்கள்; சுண்ணாம்பு 12.3. கால்கள் நன்றாக இருந்தால் அதற்கடுத்த பேட்சில் 9.3. ஸ்டார்ட்டரில் (குஞ்சுகளுக்கான முதல் தீவனத்தில்) நொதியை முழு அளவில் போடுங்கள், ஆனால் டிசிபியில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குஞ்சின் குடல் இன்னும் பழகியிருக்காது, எலும்பு வேகமாக வளரும் நேரம் அது. அங்கே தவறினால் பிறகு சரிசெய்ய முடியாது. முதல் பத்து நாளில் ஒரு கோழி தின்பது மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்பதால் அதைத் தொடாமல் விட்டாலும் பெரிய இழப்பில்லை.

குறைத்த அளவு தாங்குகிறதா என்பதைக் கோழியிடமே பார்க்கலாம். பாஸ்பரஸ் போதாதபோது முதலில் தெரிவது கால் அல்ல, தீனித் தொட்டி: தீவனம் மிஞ்சத் தொடங்கும். அடுத்து, மூன்றாவது நான்காவது வாரத்தில் சில கோழிகள் எழுந்து நடக்காமல் கணுக்காலில் குந்தியே நகரும். சந்தேகம் இருந்தால், செத்த கோழி ஒன்றின் கெண்டைக்கால் எலும்பைச் சதை நீக்கி எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். நல்ல எலும்பு கொஞ்சமும் வளையாமல் ‘டக்’கென்று சத்தத்தோடு முறியும். பாஸ்பரஸ் குறைந்த எலும்பு பச்சைக் குச்சிபோல வளைந்து, சத்தமில்லாமல் மடங்கும். அலகின் நுனியும் விரலுக்கு ரப்பர்போல நெளியும். இந்த அறிகுறிகள் வந்தால் டிசிபியை 3 கிலோ ஏற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஒரு காரணம் டிசிபியே தரம் குறைந்ததாக இருப்பது. மூட்டையில் 18 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே சுண்ணாம்பு கலந்திருந்தால் 14கூட வராது. 16 கிலோ போட்ட காலத்தில் அந்தக் குறை தெரியாது. 9 கிலோவுக்கு வந்ததும் வெளியே தெரியும். எனவே குறைப்பதற்கு முன் டிசிபியை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன மிச்சம்? ஒரு கோழி 2.2 கிலோ வளர 3.5 கிலோ தீவனம் தின்கிறது என்று கொள்வோம். இப்போது அதன் வயிற்றுக்குள் போகும் பாஸ்பரஸ் 24.5 கிராம். உடம்பில் தங்குவது சுமார் 10 கிராம். வெளியேறுவது 14.5. டிசிபியைக் குறைத்த பிறகு உள்ளே போவது 20.3, தங்குவது அதே 10, வெளியேறுவது 10.3. தீவனத்தில் பாஸ்பரஸ் 17 சதவீதம் குறைந்தால் எருவில் 29 சதவீதம் குறைகிறது. 8,000 கோழிக்கு ஒரு பேட்சில் ஏறக்குறைய 33 கிலோ பாஸ்பரஸ், அதாவது 185 கிலோ டிசிபி. ஸ்டார்ட்டரைத் தொடாமல் விட்டால் இதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் பாஸ்பரஸ் தண்ணீரில் சேர்ந்தால் நூறு கிராமுக்கு மேல் உலர்ந்த எடையில் பாசி வளர முடியும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

போலியா என்று கேட்டிருந்தீர்கள். எருவைச் சோதித்து அதைச் சொல்ல முடியாது. கலந்த தீவனத்தில் பைட்டேஸ் செயல்பாட்டைச் சோதிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 30024 முறைப்படி செய்யும் ஆய்வகமாகப் பாருங்கள். ஒரே கலவையின் பத்து மூட்டைகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து அரை கிலோ அனுப்புங்கள். 500 எதிர்பார்த்த இடத்தில் 400 வந்தாலும் 650 வந்தாலும் கவலை வேண்டாம். இந்தச் சோதனையில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு. 150 வந்தால்தான் ஆராய வேண்டும். அப்போதும் விற்றவரைத் திட்டுவதற்கு முன் உங்கள் கலவையைப் பாருங்கள். டன்னில் 100 கிராம் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதை நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூட்டையில் குவியும், இன்னொன்றில் இருக்காது. 100 கிராமை முதலில் ஒரு கிலோ நைசான மக்காச்சோள மாவில் கலந்து, அதை 5 கிலோவாக்கி, பிறகு 25 கிலோவாக்கி, மிக்சரில் பாதித் தானியம் விழுந்த பிறகு தூவுங்கள். நின்ற வாக்கில் உள்ள மிக்சர் என்றால் கடைசிப் பொருள் விழுந்ததிலிருந்து 12 முதல் 15 நிமிடம் ஓட வேண்டும். படுக்கை மிக்சருக்கு 4 முதல் 6 நிமிடம் போதும். உங்கள் படத்தில் நொதி உறை திறந்தபடி, கோலின் குளோரைடு மூட்டைக்கும் தாதுப்பு பிரீமிக்ஸுக்கும் நடுவே இருக்கிறது. கோலின் ஈரத்தை இழுக்கும், தாதுப்புகள் நொதியைச் சிதைக்கும். இவை மூன்றையும் முன்கூட்டியே கலந்து வாரக்கணக்கில் வைப்பது சுத்தமாகக் கூடாது. உறையை இறுக மூடிக் குளிர்ச்சியான, காய்ந்த இடத்தில் வையுங்கள். மேஷ் என்பதால் சூட்டுப் பிரச்சினை உங்களுக்கு இல்லை. என்றாவது பெல்லட்டுக்கு (சூடாக்கி அழுத்திய குருணைத் தீவனத்துக்கு) மாறினால், மேல்பூச்சு இல்லாத பைட்டேஸ் 80 டிகிரிக்கு மேலே பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

‘மல்டி என்சைம்’ என்று வருபவற்றிலும் ஏமாற வேண்டாம். சைலனேஸ், புரோட்டியேஸ் எல்லாம் வேறு வேலைக்கானவை. அவை பைட்டேட்டை உடைப்பதில்லை. உறையில் பைட்டேஸ் யூனிட் எவ்வளவு என்று எண் இல்லாவிட்டால் அதை நம்பி டிசிபியைக் குறைக்காதீர்கள்.

அளவை இரட்டிப்பாக்குவது இப்போதைக்குத் தேவையில்லை. 500லிருந்து 1,000 எஃப்டியூவுக்குப் போனால் பலன் இரட்டிப்பாகாது. முதல் 500 கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் தீவனத்தில் பைட்டேட் பாஸ்பரஸே 0.28தான், அதை முழுவதும் உடைக்கவும் முடியாது. 9.3 கிலோ டிசிபியில் இரண்டு பேட்ச் நன்றாகப் போன பிறகு இந்தக் கேள்வியைத் திரும்ப எடுக்கலாம்.

எருச் சோதனையைப் பற்றி ஒன்று. உங்கள் கொட்டகையில் ஆழ்கூளத்தை (தரையில் பரப்பிய படுக்கையை) மாற்றாமல் மேலேயே புதிய பேட்ச் விடுகிறீர்கள். டிசிபியைக் குறைத்தாலும் பழைய நாலைந்து பேட்சின் பாஸ்பரஸ் அதிலேயே கிடக்கும். சோதனை எண் மெதுவாகத்தான் அசையும். மாற்றத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கூளத்தை முழுவதும் அள்ளி, புதிதாகப் பரப்பித் தொடங்குங்கள். மாதிரியைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் எடுக்காமல் 15 இடங்களில் எடுங்கள். உலர் எடையில் மொத்தப் பாஸ்பரஸ், நீரில் கரையும் பாஸ்பரஸ் இரண்டையும் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே ஆய்வகம், ஒரே வடிவம் (பாஸ்பரஸாகவா பென்டாக்சைடாகவா என்பது). என்னைக் கேட்டால் எருச் சோதனையைவிடத் தீவனச் சோதனையும் மேலே போட்ட கணக்கும்தான் நம்பகமானவை.

குட்டை உடனே தெளியாது. அடிச் சேற்றில் பல வருடப் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து படிந்திருக்கும். கோடையில் அடியில் ஆக்சிஜன் தீரும்போது அது மறுபடி தண்ணீருக்குள் கரையும். வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் இது சில வருடம் ஓடும். அதுவரை எருக் குவியலை மழை படாமல் மூடுங்கள், குட்டைப் பக்கச் சரிவிலிருந்து நகர்த்துங்கள், நடுவில் அடர்த்தியாகப் புல் வளருங்கள். வயலுக்குப் போடும்போதும் தழைச்சத்துத் தேவையைப் பார்த்துக் கோழி எருவைப் போட்டால் பாஸ்பரஸ் பயிருக்கு வேண்டியதைப்போலச் சில மடங்கு விழுந்துவிடும். பாஸ்பரஸை அளவாக வைத்து எருவைப் போட்டு, தழைச்சத்துக் குறையை வேறு வழியில் ஈடுகட்டுங்கள்.

மாடுகளுக்குப் பைட்டேஸ் வேண்டாம். அசையூண் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே பைட்டேஸைச் சுரந்து பைட்டேட்டை உடைத்துவிடுகின்றன. நீங்கள் போடுவது வீண். அங்கே பாஸ்பரஸ் மிஞ்சுவதற்குக் காரணம் வேறு. கறவை மாட்டுக்கு உலர் தீவனத்தில் 0.32 முதல் 0.38 சதவீதம் பாஸ்பரஸ் போதும். தவிடும் புண்ணாக்கும் தாராளமாக வைக்கும் இடத்தில் அதுவே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் சினை பிடிக்க உதவும் என்று தாது உப்போடு டிசிபியும் தனியாகக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேவைக்கு மேல் கொடுக்கும் பாஸ்பரஸ் சினைப்பிடிப்பைக் கூட்டுவதில்லை, சாணத்தில் போகிறது. மாடுகளுக்கு வைக்கும் தீவன அளவுகளை அனுப்புங்கள், தனி டிசிபியை நிறுத்தலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.